கேபிள் டிவியை நிறுத்தி விடலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டரும் பிராட்பேண்ட் இணைப்பும் வாங்கியவர்கள் அடுத்த மாதமே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இன்டர்நெட் வந்தாச்சுங்க. இனி கேபிள் எதுக்குங்க?" கடந்த முறை பொள்ளாச்சிக்குப் போயிருந்தபோது மட்டும் மூன்று பேர் என்னிடம் இதைக் கேட்டார்கள். நான் இதைச் செய்து பார்த்துத் தோற்று, பிறகு பாதி ஜெயித்தவன். எனவே என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீடியா பிளேயர் வாங்குங்கள், தவறில்லை. ஆனால் கேபிளை உடனே நிறுத்தாதீர்கள். அதை முடிவு செய்ய வேண்டியவர் வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவர் அல்ல. வீட்டில் அதிக நேரம் டிவி பார்ப்பவர் யாரோ, அவர்தான்.

விஷயம் புதியவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். மீடியா பிளேயர் என்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவி. டிவியின் பின்புறம் உள்ள எச்டிஎம்ஐ துளையில் செருகி, வீட்டு வை-ஃபையுடன் இணைத்துவிட்டால் யூடியூப் முதலிய ஆப்கள் டிவி திரையில் ஓடும். கூகுளின் குரோம்காஸ்ட் 2014 டிசம்பரில் 2,999 ரூபாய்க்கு இந்தியாவுக்கு வந்தது. அமேசானின் ஃபயர் டிவி ஸ்டிக் 2017 ஏப்ரலில் 3,999 ரூபாய்க்கு வந்தது. இப்போது வரும் ஸ்மார்ட் டிவிக்களில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது.

ஸ்ட்ரீமிங் என்பதை எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் இப்படித்தான் சொல்வேன். டவுன்லோட் என்பது தொட்டியை நிரப்பி வைத்துக்கொண்டு பிறகு தண்ணீர் பாய்ச்சுவது. ஸ்ட்ரீமிங் என்பது மோட்டார் ஓட ஓடவே சொட்டு நீர்க் குழாயில் தென்னைக்கு விடுவது. மோட்டார் திணறினால் சொட்டும் திணறும். திரை நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறதே, அதுதான் அந்தத் திணறல்.

எங்கள் தோட்டத்து வீடு பொள்ளாச்சிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் இருக்கிறது. நான் வீட்டிலிருந்தே வேலை பார்த்த காலத்தில் ஃபைபர் இணைப்பு வாங்கினோம். அப்போது அப்பாவிடம் பெருமையாக ஒரு கணக்குச் சொன்னேன். "கேபிளுக்கு மாசம் 220 ரூபாய். வருஷத்துக்கு 2,640 ரூபாய். அதை மிச்சம் பண்ணிடலாம்ப்பா." மீடியா பிளேயரை வாங்கி மாட்டினேன். கேபிள்காரரை அழைத்து செட்டாப் பாக்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே, "பாத்துக்கலாமுங்க தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. எங்களுக்கு ஃபைபர் கொடுத்திருப்பவரும் அவர்தான்! பழைய கேபிள் வந்த அதே கம்பங்களின் வழியாகத்தான் புதிய ஒயரும் வந்திருந்தது.

'கேபிளை வெட்டுங்கள், பணத்தைச் சேமியுங்கள்' என்ற யோசனை அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே கேபிள் கட்டணம் மாதம் 100 டாலர் வரை போவது சாதாரணம். அவர்களுக்கு அந்தக் கணக்கு சரி. நம் ஊர்க் கதை வேறு. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கிய பிறகு தெருவுக்குத் தெரு கேபிள் பரவியது. 2007-ல் தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் ஏற்படுத்தப்பட்டது. 2011 செப்டம்பரில் அது மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு கொடுக்கத் தொடங்கியது. 2017-ல் டிஜிட்டல் உரிமம் கிடைத்த பின் செட்டாப் பாக்ஸ் வந்தது. 2019-ல் டிராய் அமைப்பின் புதிய கட்டண முறை நடைமுறைக்கு வந்தபோது அடிப்படைக் கட்டணத்தின் உச்சவரம்பு 130 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 153 ரூபாய் 40 காசு. கட்டணச் சேனல்களுக்குத் தனி. 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பையும் டிராய் நீக்கிவிட்டது. என்றாலும் உலகத்தில் மலிவாகக் கேபிள் கிடைக்கும் இடங்களில் நம் ஊரும் ஒன்று. வெட்டி மிச்சப்படுத்த இதில் அதிகம் ஒன்றுமில்லை.

இப்போது என் கணக்கில் இருந்த ஓட்டையைப் பாருங்கள். நான் பெங்களூருக்கு வேலைக்குத் திரும்பியதும் அந்த ஃபைபர் இணைப்பு டிவிக்காக மட்டுமே ஓடிக்கொண்டிருந்தது. மாதம் 499 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக 589 ரூபாய். வருடத்துக்கு ஏறக்குறைய 7,066 ரூபாய். அது போகட்டும், நிகழ்ச்சிகள்? சன் டிவி சீரியல் வேண்டுமென்றால் சன் நெக்ஸ்ட். விஜய் டிவி என்றால் ஜியோஹாட்ஸ்டார். ஜீ தமிழ் என்றால் ஜீ5. ஒவ்வொன்றுக்கும் தனிச் சந்தா. 2025 பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டார் தொடங்கியபோது டிவியில் பார்க்கும் திட்டம் வருடத்துக்கு 899 ரூபாயிலிருந்து ஆரம்பித்தது. அந்த ஒன்றை மட்டும் கூட்டினாலே 7,965 ரூபாய். 2,640 ரூபாயை மிச்சப்படுத்தப் போய் மூன்று மடங்கு செலவு. இன்ஜினியரிங் படித்தவன் போட்ட கணக்கு இது!

இங்கே ஒரு கண்ணியையும் சொல்ல வேண்டும். அந்த ஜியோஹாட்ஸ்டாரிலேயே 3 மாதத்துக்கு 149 ரூபாய் என்று ஒரு திட்டம் இருந்தது. மலிவாக இருக்கிறதே என்று வாங்கினால் அது மொபைலில் மட்டும்தான் ஓடும், டிவியில் வராது. நெட்பிளிக்ஸிலும் 2019 முதல் இப்படி ஒரு மொபைல் திட்டம் உண்டு. எனவே பணம் கட்டுவதற்கு முன் 'டிவி' என்ற வார்த்தை திட்டத்தின் விவரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னும் சிலர் பிராட்பேண்டே வேண்டாம், செல்போன் ஹாட்ஸ்பாட் போதும் என்கிறார்கள். போதாது. ஹெச்டி தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை செலவாகும் என்று நெட்பிளிக்ஸே சொல்கிறது. நாளொன்றுக்கு 2 ஜிபி கிடைக்கும் செல்போன் திட்டத்தில் ஒரு படத்தின் இடைவேளை கூட வராது. வீட்டில் தினமும் நாலு மணி நேரம் டிவி ஓடினால் மாதத்துக்கு 360 ஜிபி ஆகும். ஃபைபர் இணைப்பு இல்லாத வீட்டில் இந்தப் பேச்சே வேண்டாம்.

பணத்தை விடுங்கள். நான் தோற்றது பணத்தில் அல்ல, அமுச்சியிடம். அம்மாவைப் பெற்ற அமுச்சி எங்களுடன்தான் இருக்கிறார். காலையில் அப்பாவும் அம்மாவும் தோப்புக்குப் போய்விட்டால் மதியம் வரை வீட்டில் அவர் தனி. அந்த நேரத்துக்கு டிவிதான் துணை. பழைய செட்டாப் பாக்ஸில் அவருக்கு ஒன்பது சேனல் எண்கள் மனப்பாடம். எழுதப் படிக்கத் தெரியாதவர், எண்களை மட்டும் அறிவார். நான் மாட்டிய பிளேயரில் எண்களே இல்லை! ஒரு வட்ட பட்டன், நாலு அம்புக்குறி, ஒரு மைக். ஆன் செய்ததும் ஆப் ஒன்று 'யார் பார்க்கிறீர்கள்?' என்று பெயர்களைக் காட்டி நிற்கும். அவர் எனக்குப் போன் செய்து, "கண்ணு, அது என்னமோ கேட்டுட்டே நிக்குது. நான்தான் பாக்கறேன்னு அதுக்கு எப்படிச் சொல்றது?" என்றார். நான் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். அப்புறம் கூப்பிடுவதாகச் சொன்னேன். அன்று கூப்பிடவில்லை.

மூன்றாவது வாரம் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அமுச்சி டிவி போடுவதையே விட்டுவிட்டார். யாரையும் குறை சொல்லவில்லை. "கண்ணு வலிக்குது" என்று சொல்லித் திண்ணையில் உட்கார்ந்துகொண்டாராம். அவர் இழந்தது சீரியலை மட்டுமல்ல. உள்ளூர் சேனலில் கீழே ஓடும் வரிகளை அம்மா அவருக்குப் படித்துச் சொல்வார். எந்த ஊரில் யார் தவறிப்போனார்கள், எங்கே நோம்பி என்பதெல்லாம் அதில்தான் வரும். பொள்ளாச்சி மாரியம்மன் தேரையும் ஆனைமலை மாசாணியம்மன் குண்டத்தையும் நடக்க முடியாதவர்கள் அதில்தான் பார்ப்பார்கள். பிளேயரில் அந்தச் சேனல் கிடையாது. அதைத் தேடும்போதுதான் எனக்கு அது நினைவுக்கே வந்தது. மறுநாளே கேபிள்காரருக்குப் போன் செய்தேன். அதே சிரிப்பு, அதே பாக்ஸ்.

தொழில்நுட்பத் தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பழைய வீட்டுச் சுவர் ஒன்றரை அடி கனம். ரூட்டர் வாசல் அறையில், டிவி உள்ளறையில். 5 கிகாஹெர்ட்ஸ் வை-ஃபை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டத் திணறும். 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவானது, ஆனால் எட்டும். ரூட்டரை டிவி இருக்கும் அறைக்கே மாற்றியதும் பாதிப் பிரச்சனை தீர்ந்தது. ஸ்டிக்கை டிவியின் முதுகோடு ஒட்டிச் செருகாமல், கூடவே வரும் சிறிய எச்டிஎம்ஐ நீட்டிப்பு ஒயரில் மாட்டினால் சிக்னல் சற்று நன்றாகக் கிடைக்கும். டிவியின் யூஎஸ்பி துளையிலிருந்து கரண்ட் எடுக்காதீர்கள். பல டிவிக்களில் அது போதாமல் பிளேயர் தானாக ஆஃப் ஆகி ஆன் ஆகும். கொடுத்திருக்கும் அடாப்டரையே பயன்படுத்துங்கள். கரண்ட் போனால் ஃபைபர் ரூட்டரும் போய்விடும் என்பதால் அதற்கென்றே விற்கும் சிறிய யூபிஎஸ் ஒன்று நல்லது.

கிரிக்கெட் பிரியர்களுக்கு ஒரு செய்தி. ஆப் வழியாக வரும் நேரடி ஒளிபரப்பு கேபிளை விடச் சில வினாடிகள், சில சமயம் அரை நிமிடம் கூட, பின்தங்கி வரும். எங்கள் திரையில் பவுலர் ஓடி வரும்போதே பக்கத்துத் தோட்டத்தில் கைதட்டுவார்கள். அப்பாவுக்கு இது பெரிய அவமானமாகவே இருந்தது.

கருவியின் ஆயுளும் நம் கையில் இல்லை. 2025 மார்ச்சில் உலகம் முழுவதும் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்கள் ஒரே நாளில் வேலை செய்யாமல் நின்றன. கருவி பழுதாகவில்லை. அதற்குள் இருந்த டிஜிட்டல் சான்றிதழ் ஒன்று காலாவதியாகிவிட்டது, அவ்வளவுதான். சில நாட்கள் கழித்துத்தான் கூகுள் சரி செய்தது. கேபிள் அறுந்தால் ஏணியோடு ஒருவர் வருவார். சான்றிதழ் காலாவதியானால் யார் வருவார்?

'எல்லாச் சேனலும் இலவசம், சந்தாவே வேண்டாம்' என்று பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பாக்ஸ்களை விற்கிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். திருட்டு ஒளிபரப்பு என்பது ஒரு பக்கம். பேட்பாக்ஸ் 2.0 என்னும் தீய புரோகிராம் இத்தகைய மலிவு பாக்ஸ்களில் புகுந்து வீட்டு இன்டர்நெட்டையே குற்றவாளிகளுக்குத் திறந்து விடுகிறது என்று 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரித்தது. அதே வை-ஃபையில்தான் உங்கள் கம்ப்யூட்டரும் பேங்க் கணக்கும் இருக்கின்றன.

இவ்வளவு சொன்ன பிறகும் பிளேயரை நான் கழற்றவில்லை. காரணம் இருக்கிறது. பெற்றோரின் கல்யாண வீடியோ கேசட்டாக இருந்து, சிடியாகி, பிறகு பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது. அதைக் கம்ப்யூட்டரில் காப்பி செய்து, இலவசமாகக் கிடைக்கும் கோடி என்ற சாப்ட்வேரைப் பிளேயரில் நிறுவி, கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்கிலிருந்தே டிவியில் ஓட வைத்தேன். பத்து வருடத்துக்கு முன் தவறிப்போன அப்புச்சி பந்தல் வாசலில் நின்று வந்தவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அமுச்சி திண்ணையிலிருந்து எழுந்து உள்ளே வந்தார். இதற்குச் சந்தா இல்லை, இன்டர்நெட் கூட வேண்டாம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் மீடியா பிளேயரில் முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்பேன். தமிழ்ச் செய்திச் சேனல்கள் பலவும் யூடியூபில் நேரடியாக, இலவசமாக வருகின்றன என்பது கூடுதல் லாபம்.

ஃபைபர் இணைப்பு வேறு வேலைக்காக எப்படியும் இருக்கப் போகிறது, வீட்டில் எல்லோரும் ஆப் பழகியவர்கள், உள்ளூர் சேனல் பார்ப்பவர் யாருமில்லை என்றால் கேபிளைத் தாராளமாக நிறுத்தலாம். மாதக் கட்டணமே கூடாது என்பவர்களுக்கு 2004 முதல் இருந்து வரும் தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் இருக்கிறது. டிஷ்ஷும் பாக்ஸும் வாங்கும் செலவு மட்டும்தான். ஆனால் தமிழ்ச் சேனல்கள் குறைவு.

மற்றவர்கள் ஒரு மாதம் இரண்டையும் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். டிவி ரிமோட்டில் கேபிளுக்கும் பிளேயருக்கும் மாற்றும் பட்டன் மேல் அம்மா ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வைத்திருக்கிறார். அமுச்சி இப்போது அதை அழுத்திக் கல்யாண வீடியோவுக்குத் தானே போய்விடுகிறார். திரும்பி வரவும் அதே பொட்டுதான். உங்கள் வீட்டிலும் ஒரு பொட்டு ஒட்டி, மாதக் கடைசியில் காலண்டரைப் பாருங்கள். வீட்டில் மூத்தவர், யாரையும் கூப்பிடாமல், ஒரு நாள் கூடக் கேபிள் பக்கம் போகவில்லை என்றால் அன்று கேபிள்காரருக்குப் போன் செய்யலாம். எங்கள் வீட்டில் இன்னும் செய்யவில்லை.