'சென்ட்' என்றால் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தமில்லை!

போன வாரம் கடப்பாக்கத்தில் சித்தி வீட்டில் இருந்தேன். சித்தி பொண்ணு இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு. அன்றைக்குத்தான் ஒரு இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். கல்லூரி மெயில் ஐடியிலிருந்து மட்டுமே அனுப்ப வேண்டும். மாலை 5 மணி வரை கெடு. 4.35-க்கு அனுப்பினாள். 'சென்ட்' என்று வந்தது. நிம்மதியாக ஆலம்பரைக் கோட்டைக்குக் கிளம்பிவிட்டோம்.

மறுநாள் காலை பதில் வந்தது: மெயில் இரவு 8.50-க்குத்தான் கிடைத்தது, ஏற்க இயலாது.

"நான் நேரத்துக்கு அனுப்பிட்டேனே அக்கா!" என்று அழுதாள். அவள் சொன்னதும் உண்மை. அவர்கள் சொன்னதும் உண்மை. அப்படியென்றால் நடுவில் அந்த 4 மணி நேரம் மெயில் எங்கே இருந்தது?

நல்லவேளை, தன் ஜிமெயிலையும் 'சிசி'யில் போட்டிருந்தாள். கம்ப்யூட்டரில் அந்த மெயிலைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' கொடுத்தோம். வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்று மேலேயே இருந்தது. கீழே 'ரிசீவ்டு' என்று தொடங்கும் வரிகள். அவற்றைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். கல்லூரி சர்வருக்கு 4.35, அடுத்த வரியில் கூகுள் சர்வருக்கு 8.50. ஆக, கல்லூரி சர்வரின் கியூவில்தான் காத்துக் கிடந்திருக்கிறது.

கடப்பாக்கம் ஸ்டாப்பில் நிற்பவர்களுக்கு இது புரியும். பாண்டிச்சேரியிலிருந்து வரும் பஸ் நிரம்பி வழிந்தால் நிற்காமல் போய்விடும். அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். மெயில் சர்வரும் அப்படித்தான். எதிர்ப்பக்கம் "இப்போது முடியாது, பிறகு வா" என்றால், மெயிலைக் கியூவில் வைத்துவிட்டுத் திரும்பத் திரும்ப முயலும். பல இடங்களில் பயன்படும் 'போஸ்ட்ஃபிக்ஸ்' மென்பொருளை அப்படியே நிறுவினால், முயற்சிகளுக்கு இடையே 5 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வரை இடைவெளி விடும். 5 நாள் பார்த்துவிட்டுத்தான் கைவிடும். தாமதமாகிறது என்று அனுப்பியவருக்குச் சொல்லாது. அதை அட்மின்தான் ஆன் செய்ய வேண்டும்.

இந்தியாவில் இ-மெயில் தொடங்கியதே காத்திருப்பில்தான். 1980-களில் ஐ.ஐ.டி. மெட்ராஸ் உள்ளிட்ட நிறுவனங்களை இணைத்த 'எர்நெட்'டில், மெயில்கள் சேர்ந்து கிடக்கும்; டயல்-அப் போன் இணைப்பு கிடைக்கும்போது மொத்தமாகப் போகும். இன்று நொடியில் போவதால், கியூ என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டோம்.

கல்லூரி சர்வரைப் பார்த்துக்கொள்ளும் அண்ணாவிடம் பேசினோம். கியூவில் என்ன நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று பார்த்திருக்கிறார். யாரோ ஒரு மாணவரின் பாஸ்வேர்டு திருடுபோய், அந்த ஐடியிலிருந்து ஆயிரக்கணக்கில் ஸ்பேம் போயிருக்கிறது. அதைக் கண்ட கூகுள், அந்த சர்வரிலிருந்து வரும் எல்லா மெயிலையுமே நிறுத்தி நிறுத்தி வாங்கியிருக்கிறது. "எல்லாத்தையும் ஒரே நேரத்துல தள்ளிவிட்டா இன்னும் மோசமாகும்மா. பாஸ்வேர்டை மாத்தி, ஸ்பேமை மட்டும் கியூவிலிருந்து எடுத்தேன். மிச்சம் தானா போயிடுச்சு" என்றார். ஒரு மணி நேரம் தாமதமானால் அனுப்பியவருக்குத் தகவல் போகும்படியும் இப்போது மாற்றிவிட்டார்.

நாம் செய்ய வேண்டியவை இவைதான். முக்கியமான மெயிலை முந்தின நாளே அனுப்புங்கள். உங்களுடைய வேறொரு ஐடியை 'சிசி'யில் போடுங்கள். அது 10 நிமிடத்தில் வரவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். திரும்பத் திரும்ப அனுப்பாதீர்கள்; அவையும் அதே கியூவில்தான் நிற்கும். போன் போட்டு, "மெயில் வந்ததா?" என்று கேட்டுவிடுங்கள்.

ஹெடரை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்த நிறுவனத்துக்கு அனுப்பினாள். 'தவறு உங்களுடையதல்ல, ஆனால், பட்டியல் முடிந்துவிட்டது. அடுத்த முறை விண்ணப்பியுங்கள்' என்று பதில் வந்தது. 4.40-க்கு ஒரு போன் செய்திருந்தால் கதையே வேறு. அந்த நேரத்தில் நாங்கள் இருவரும் கோட்டைச் சுவரில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தோம்.