மாசத்துக்கு ஒரு சளி... குழந்தைக்கு எதிர்ப்பு சக்தி கம்மியா? எப்போது கவலைப்பட வேண்டும்?

'போன வாரம்தான் சரியாச்சு, மறுபடியும் மூக்கு ஒழுகுது. பிள்ளைக்கு எதிர்ப்பு சக்தியே இல்ல!' பள்ளிக்குப் போகத் தொடங்கிய குழந்தைகள் உள்ள வீடுகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. இந்தப் பயம்தான் பலரை சிரப், டானிக் பக்கம் தள்ளுகிறது.

அதிலும் ஆபத்து இருக்கிறது. 2025-ல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில், 'கோல்ட்ரிஃப்' இருமல் மருந்து குடித்த 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து உயிரிழந்தனர். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அந்த மருந்தில், டை எத்திலீன் கிளைகால் என்ற நச்சு 48.6% இருந்தது தமிழ்நாடு அரசின் பரிசோதனையில் தெரியவந்தது.

அடிக்கடி சளி பிடிப்பது ஏன்?

கருவில் இருக்கும்போது தாயிடமிருந்து கிடைத்த ஆன்டிபாடிகள், பிறந்த சில மாதங்களில் குறைந்துவிடும். அதன்பின் ஒவ்வொரு கிருமியையும் சந்தித்துத்தான் குழந்தையின் உடல் எதிர்க்கப் பழகுகிறது. சளியை உண்டாக்கும் ரைனோ வைரஸில் மட்டும் 150-க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. அதனால் சிறு குழந்தைகளுக்கு ஆண்டுக்கு 6 முதல் 8 முறை சளி பிடிப்பது இயல்புதான். இடையில் நன்றாகச் சாப்பிட்டு, விளையாடி, எடையும் கூடினால் பெரும்பாலும் பயப்பட வேண்டாம்.

அலர்ஜி, ஆஸ்துமா, அடினாய்டு வீக்கம், வீட்டில் சிகரெட் அல்லது விறகடுப்புப் புகை ஆகியவையும் காரணமாக இருக்கலாம்.

எப்போது உஷாராக வேண்டும்?

* ஒரே ஆண்டில் 2 முறை நிமோனியா வந்தால்
* ஒரே ஆண்டில் 4 முறை அல்லது அதற்கு மேல் காதில் தொற்று வந்தால்
* 2 மாதம் ஆன்டிபயாடிக் கொடுத்தும் பலன் இல்லாவிட்டால்
* எடை கூடாமல், வளர்ச்சி குறைந்தால்
* குடும்பத்தில் யாருக்காவது பிறவியிலேயே எதிர்ப்பு சக்திக் குறைபாடு இருந்தால்

இவற்றில் ஏதாவது இருந்தால், குழந்தைகள் நல மருத்துவரிடம் பரிசோதனை பற்றிக் கேட்க வேண்டும். ரத்த அணுக்களின் எண்ணிக்கை, இம்யூனோகுளோபுலின் அளவு ஆகியவை முதலில் பார்க்கப்படும். ரிசல்ட்டை குழந்தையின் வயதுக்கான அளவோடுதான் ஒப்பிட வேண்டும். பெரியவர்களுக்கான அளவை வைத்துப் பார்த்தால், நல்ல குழந்தைக்கும் குறைபாடு இருப்பதுபோல் தெரியும்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து கொடுக்கக் கூடாது. 5 வயதுக்குள் பொதுவாகவே தவிர்க்க வேண்டும் என்கிறது மத்திய அரசு. வைரஸ் சளிக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. நிமோகாக்கல் தடுப்பூசி 6-வது வாரம், 14-வது வாரம், 9-வது மாதத்தில் அரசு மையங்களில் இலவசமாகப் போடப்படுகிறது. அதைத் தவறவிடக் கூடாது.

மூச்சு விடும்போது நெஞ்சு உள்வாங்கினாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, வீட்டு வைத்தியத்தில் நேரம் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.