எல்லாப் பிரஷரும் கவலையால் வருவதில்லை

காணி இழந்து புதிய குடியேற்றங்களுக்கு வந்த எம் மக்களிடையே, மாதந்தோறும் கிளினிக் கொப்பியுடன் வரிசையில் நிற்போர் பலர். பிரஷர் ஏன் வந்தது என்று கேட்டால், "காணி போன யோசனைதான்" என்ற மறுமொழியே பெரும்பாலும் கிடைக்கும். 2018இல் களு கங்கை நீர்த்தேக்கத்தில் நீர் தேங்கத் தொடங்கியபோது பழைய பல்லேகமவும் வயல்களும் நீருக்குள் போயின. அந்த இழப்பைக் கண்டவர் எவரும் இந்த மறுமொழியைப் பொய் என்று சொல்லமாட்டார். ஆயினும் இதையே முழுக் காரணமாகக் கொள்வதால் ஒரு தீங்கு உண்டு. கவலைதான் காரணம் என்றால் வேறு காரணத்தை எவரும் தேடுவதில்லை. நோயாளியும் தேடுவதில்லை, மருந்து எழுதுபவரும் தேடுவதில்லை.

தேட வேண்டிய காரணங்களுள் ஒன்று அதிரீனல் சுரப்பி. இரு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி வைத்தாற்போல் இச்சிறு சுரப்பிகள் அமைந்துள்ளன. இவற்றில் சுரக்கும் அல்டொஸ்தெரோன் என்னும் ஓமோன், உப்பை உடலில் தேக்கி, பொற்றாசியத்தைச் சிறுநீருடன் வெளியேற்றச் செய்கிறது. உப்புத் தேங்கினால் நீரும் தேங்கும், குருதியமுக்கம் ஏறும். எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதற்கு உத்தரவு சிறுநீரகத்திலிருந்து ரெனின் என்ற பொருள் வழியாக வருகிறது. குளத்து மடையைத் திறக்க வட்டவிதானையார் சொல்வது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலரது உடலில் விதானையார் வாய் மூடியிருக்க, மடை மட்டும் திறந்தே கிடக்கிறது. ஆகவே ரெனின் குறைந்தும் அல்டொஸ்தெரோன் கூடியும் இருக்கிறதா என்று இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே இந்த இரத்தப் பரிசோதனை.

இந்நோயை அமெரிக்க வைத்தியர் ஜெரோம் கொன் 1955இல் விவரித்து எழுதினார். தசைகள் சோர்ந்து, பொற்றாசியம் குறைந்து, பிரஷரும் ஏறியிருந்த 34 வயதுப் பெண் ஒருவரின் சுரப்பியில் இருந்த கட்டியை அகற்றியதும் அவர் குணமடைந்தார். மிக அரிய நோய் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. இன்றைய கணிப்பு வேறு: சாதாரண கிளினிக்குகளுக்கு வரும் பிரஷர் நோயாளருள் நூற்றுக்கு 5 முதல் 14 பேர் வரை இதற்கு உட்பட்டிருக்கலாம். உயர் குருதியமுக்கம் உள்ள அனைவரையும் ஒரு முறையாவது இதற்காகப் பரிசோதிப்பது நன்று என்று அமெரிக்காவின் அகஞ்சுரப்பியியல் சங்கம் 2025இல் பரிந்துரைத்தது. ஒரே அளவு பிரஷர் உள்ள இருவரில், இந்த ஓமோன் கூடியவருக்கே பாரிசவாதமும் இதயத் துடிப்புக் கோளாறும் சிறுநீரகப் பாதிப்பும் அதிகம் வருகின்றன. காலம் தாழ்த்துவது மலிவானதல்ல.

அனைவருக்கும் இன்றே செய்யுங்கள் என்று எம்முடைய நாட்டில் கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்பதே என் கருத்து. சிலரிலிருந்து தொடங்கலாம். மூன்று வகை மாத்திரை குடித்தும் பிரஷர் இறங்காதவர்கள், பொற்றாசியம் குறைந்தவர்கள், 40 வயதுக்கு முன்பே பிரஷர் வந்தவர்கள், இளவயதில் பாரிசவாதம் கண்ட குடும்பத்தினர்: இவர்கள் வைத்தியரிடம் கேட்டே ஆகவேண்டும். பன்னிரண்டு ஆண்டுகள் பல வைத்தியரிடம் அலைந்து கையிலிருந்ததெல்லாம் செலவழித்த பெண்ணைப் பற்றி மாற்கு நற்செய்தியில் வாசிக்கிறோம். அவளைப் போன்றோர் எம் கிளினிக் வாங்குகளிலும் இருக்கிறார்கள்.

கேட்கும்போது கவனிக்க வேண்டியவையும் உண்டு. குடிக்கும் மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்து உட்பட, வைத்தியரிடம் சொல்லுங்கள். குறிப்பாக அதிமதுரம். இருமலுக்கென்று நாளாந்தம் அவித்துக் குடித்தால், இந்த ஓமோன் கூடியது போலவே பிரஷரை ஏற்றிப் பொற்றாசியத்தைக் குறைத்துவிடும். கசாயம் ஒருபோதும் தீங்கு செய்யாது என்ற நம்பிக்கை எம்மிடையே சற்று அதிகம். மாத்திரைகளை நீங்களாகவே நிறுத்தவும் கூடாது. எதை நிறுத்துவது, எத்தனை நாள் என்பது வைத்தியர் சொல்ல வேண்டியது.

நோய் உறுதியானால் வழி உண்டு. ஒரு பக்கச் சுரப்பியில் மட்டும் என்றால் சத்திரசிகிச்சை செய்யலாம். இரு பக்கமும் என்றால் ஸ்பைரோனோலக்டோன் என்ற மாத்திரை. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாவனையில் உள்ளது, விலை அதிகமில்லை. ஆண்களுக்கு மார்பு வீங்கக்கூடும். அதை வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். சிறுநீரகம் பழுதடைந்தவருக்கு இம்மாத்திரை பொற்றாசியத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றக்கூடும். அயலிலுள்ள வில்கமுவப் பகுதியில் காரணம் அறியப்படாத சிறுநீரக நோய் பரவியிருப்பதால், எங்கள் பகுதியில் இந்த எச்சரிக்கை மும்மடங்கு தேவை. சிறுநீரக நோயாளருக்கு நல்ல நீர் கிடைக்கும் என்றும் சொல்லித்தான் அணைகளுக்குக் காணி கேட்டார்கள். காணி கொடுத்தவர்கள் தம் சிறுநீரகத்துக்காக ஒரு பரிசோதனை கேட்பது பேராசையாகாது.

இது கிராமத்து ஆய்வுகூடத்தில் செய்யக்கூடிய பரிசோதனை அல்ல. அதற்காக, கூலி வேலையை விட்டு இரு நாட்கள் பஸ் ஏறிப் பெரிய வைத்தியசாலைக்குப் போ என்று நோயாளியிடம் சொல்வது சரியா? இரத்தத்தை மாத்தளையிலேயே எடுத்து, உடனே பிரித்து உறைநிலையில் வைத்து, இரத்த மாதிரியை அனுப்பலாம். (பிரிப்பதற்கு முன் குழாயைப் பனிக்கட்டியில் வைக்கக் கூடாது, ரெனின் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும்.) கிராம அபிவிருத்திச் சங்கங்கள் மூன்று மாத்திரை குடித்தும் இறங்காதவர்களிடம் சம்மதம் பெற்று, பெயர்களை எழுதி, அடுத்த கிளினிக் நாளுக்கு முன் சுகாதார வைத்திய அதிகாரியிடம் கையளிக்கட்டும். எழுதத் தெரியாதவர்களின் கொப்பியைப் பிள்ளைகள் வாசித்து எழுதிக்கொடுக்கலாம்.