கொப்பியில் ஒரு வளவு



யுத்தம் வந்தால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடுகிறோம். வீட்டையும் கிணற்றடியையும் ஒழுங்கையையும் யார் தூக்கிவர முடியும்?

இரண்டாம் உலக யுத்த காலத்தில் இங்கிலாந்தும் இதை யோசித்தது. குண்டுவீச்சாலும் புதிய கட்டட வேலைகளாலும் அழிந்துபோகக்கூடிய இடங்களை வரைந்து வைப்பதற்கு 1940 இல் ஒரு திட்டம் தொடங்கியது. 90 இற்கும் மேற்பட்ட ஓவியர்கள் 1,500 இற்கும் அதிகமான படங்களை வரைந்தனர். அவை இன்று லண்டனில் விக்டோரியா அல்பேர்ட் அரும்பொருட்சாலையில் உள்ளன.

அந்த ஓவியர்களில் ஒருவர் பார்பரா ஜோன்ஸ். 1912 இல் குரொய்டனில், குதிரைச் சேணம் செய்பவரின் மகளாகப் பிறந்தவர். றோயல் கலைக் கல்லூரியில் படித்தார். அரண்மனைகளைவிட, சாதாரண சனங்களின் கைபட்ட பொருட்களே அவரைக் கவர்ந்தன. கால்வாய்ப் படகுகளில் தீட்டிய பூக்கள், களியாட்ட விழாவில் சுற்றும் மரக்குதிரைகள் முதலியவற்றைப் பற்றி 1951 இல் படங்களுடன் ஒரு நூல் வெளியிட்டார். அதே ஆண்டில் கிழக்கு லண்டன் வைற்சப்பல் கலைக்கூடத்தில், அன்றாடப் பொருட்களையே கலையாக வைத்துக் கண்காட்சி நடத்தினார். 1978 இல் காலமானார்.

எங்கள் மகளிர் குழுவில் இவரைப் பற்றிச் சொன்னபின், விட்டுவந்த வளவை வரையும்படி எல்லோரையும் கேட்டேன். "எனக்குக் கீறத் தெரியாது பிள்ளை" என்றார் ஓர் அம்மா. பிறகு கிணறு, தோய்க்கிற கல், முருங்கை, வேலிப் பொட்டு என்று ஒவ்வொன்றாக வந்தன. "இது என்ன ஓட்டை, அம்மம்மா?" என்று பேத்தி கேட்டாள். அயல் வீட்டுக்குக் கறி கொண்டுபோன வழி அது. அந்த வளவைப் பேத்தி ஒருநாளும் கண்டதில்லை.

நீங்களும் ஒரு கொப்பியில் கீறுங்கள். திசையைக் குறியுங்கள். நான்கு எல்லையிலும் இருந்தவர்களின் பெயர், பங்குக் கிணறு, பாதை, நின்ற மரங்கள், வெளியேறிய ஆண்டு எல்லாவற்றையும் எழுதுங்கள். இன்னொரு பிரதியை உறவினரிடம் கொடுத்து வையுங்கள். இது காணி உறுதிக்கு ஈடாகாது. ஆனாலும் எல்லை பற்றிக் கேள்வி எழும்போது உங்கள் நினைவுக்குத் துணை நிற்கும். அந்த வளவில் ஒரு குடும்பம் வாழ்ந்தது என்பதைப் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லும்.

வடிவாக வரவேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். நினைவில் நிற்கும்போதே கீறிவிடுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.