நுரையிற் கிடக்கும் கல்வி

சென்ற விடுமுறையில் மலைப்பக்கம் சுற்றுலாச் சென்று மீண்ட நம் கலாசாலை மாணவர் சிலரை நோக்கி, "ஓடையில் யாது கண்டீர்கள்?" என வினவினோம். அருவியின் அழகையும், நீரின் தண்மையையும், குரங்குகளின் சேட்டையையும் சுவைபடக் கூறினர். "கற்களின் இடுக்கில் ஒதுங்கிய நுரையைக் கண்டீர்களோ?" என்றோம். நகைத்தனர். நுரையையும் ஒரு பொருளாகக் கருதிக் கேட்பாருண்டோ என்பது அந்நகையின் பொருள். அவரைக் குறைகூறுதல் நம் கருத்தன்று. யாக்கை நிலையாமைக்கு நீர்க்குமிழியை உவமை காட்டிப் பழகியது நம் நாடு. ஆயினும், அந்நுரையில் ஒரு பெருங்கல்வி அடங்கிக் கிடக்கின்றது. அதனைக் கல்லாதொழிதல் நமக்கே நட்டமென்பதை ஈண்டுச் சொல்ல விழைகின்றோம்.

இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்துக் கல்லூரியில் தாவர சாஸ்திரம் போதித்துவந்த இங்கோல்ட் என்னும் பேரறிஞர் (1905–2010), அப்பக்கத்துச் சிற்றோடை ஒன்றில் மிதந்த நுரையை எடுத்து மைக்ராஸ்கோப்பின்கீழ் வைத்து நோக்கினார். அதில் விந்தையான உருவங்கள் பல தோன்றின. சில நான்கு கரங்களை நாற்புறமும் நீட்டி, நெருஞ்சிமுள்ளை நினைப்பூட்டின; சில பிறைபோல் வளைந்திருந்தன. இவை யாவை, எங்கிருந்து வந்தன என்று அவர் தேடலானார். நீரடியில் மட்கிக் கிடந்த ஆல்டர் மரத்து இலைகளில் வாழும் பூஞ்சணங்களே இவற்றை ஈன்றன என்றும், இவை அப்பூஞ்சணங்களின் வித்துக்களாகிய ஸ்போர்கள் என்றும் தெளிந்தார். அவர்தம் கட்டுரை 1942ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதற்கு முன்னரே ஒன்றிரண்டு இனங்களை ஐரோப்பிய அறிஞர் கண்டு பெயரிட்டதுண்டு. எனினும், இத்தகைய பூஞ்சணங்களின் பெருங்கூட்டமொன்று ஓடைதோறும் வாழ்கின்றதென்பதை உலகம் உணர்ந்தது அவராலேயே. அக்கூட்டத்திற்கு இன்றும் அவர் பெயரே வழங்குகின்றது.

அந்நான்கு கரங்களின் பயனைச் சிறிது சிந்திப்போம். ஓடும் நீரில் உருண்டையான வித்து எளிதிற் பற்றுக்கோடு பெறாது. நான்கு கரமுடையதோ, எவ்வாறு புரண்டு சென்று மோதினும், மூன்று முனைகள் இலையின்மீது படிய, முக்காலிபோல் ஊன்றி நிற்கும், நின்றவுடன் முளைவிடும். குமிழிகளில் அது சிக்குவதும் அவ்வடிவினாலேயே. ஆதலின் நுரையானது, ஓடை முழுவதிலும் அலையும் வித்துக்களை நமக்காகத் திரட்டிவைக்கும் வலை எனலாம்.

நிற்க, மரத்தினின்று நீரில் வீழ்ந்த இலையின் கதி யாது? கடினமான அவ்விலையைப் பூஞ்சணம் முதலிற் பற்றி, அதன் நாரை இளக்கித் தன் உடலையும் அதனுள்ளே பரப்புகின்றது. அதன்பின் இலை மெல்லியதாகவும் சத்துள்ளதாகவும் ஆகின்றது. நீர்ப்பூச்சிகளின் புழுக்களும், சிறு இறால்போன்ற உயிர்களும் பூஞ்சணம் படர்ந்த இலையையே விரும்பித் தின்கின்றன. அவற்றை மீன் தின்னும். மீனைப் பறவையும் மனிதரும் உண்பர். ஆகவே, நிழல் மிகுந்த மலையோடைகளிற் பல உயிர்களுக்குச் சோறு சமைத்தளிக்கும் மடைப்பள்ளியாக இப்பூஞ்சணங்கள் விளங்குகின்றன. சமைப்பவரைக் காணாமலே உண்டு எழுகின்றது உலகம்.

"இதனாற் காசு வருமா? பரீட்சையில் மதிப்பெண் கிடைக்குமா?" என்பாரும் உளர். அவர்க்கு ஒரு வரலாறு கூறுவோம். நீரில் நீந்தும் ஸ்போர்களையுடைய கைட்ரிட் என்னும் பூஞ்சணங்களை ஆராய்வோர் உலகிலே மிகச் சிலர். அமெரிக்காவில் மெயின் மாகாணத்து ஜாய்ஸ் லாங்கோர் அம்மையார் அவருள் ஒருவர். பல நாடுகளில் தவளைகள் காரணம் விளங்காமல் மாண்டுகொண்டிருந்த காலத்தில், வாஷிங்டன் மிருகக்காட்சிச்சாலையில் இறந்த தவளைகளின் தோலில் ஏதோ ஒரு நுண்ணுயிர் காணப்பட்டது. முதுகெலும்புள்ள பிராணியைக் கைட்ரிட் பற்றுமென்று அதுவரை எவரும் அறிந்திலர். அதனைத் தனித்துப் பிரித்து வளர்த்த அம்மையார், அங்குள்ள மருத்துவ அறிஞரோடு கூடி, 1999ஆம் ஆண்டில் அதற்குப் பெயரிட்டு விவரித்தார். அந்நோயால் 501 வகை நீர்நில வாழ்வன குன்றின என்றும், அவற்றுள் 90 வகை அற்றுப்போயின என்றும் 2019இல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது. பயனில்லாதது என்று எவரேனும் அம்மையாரை முன்னமே தடுத்திருந்தால், கொலையாளியை அடையாளங்காட்ட யார் இருந்திருப்பர்? எந்தக் கல்வி எந்நாளில் உதவுமென்பதை முன்கூட்டி அறிய எவராலும் ஆகாது. ஆதலின் அறிவை இன்றைய சந்தை விலைகொண்டு நிறுத்தல் தகாது.

இத்துறை நம் நாட்டிற்குப் புதிதன்று. சென்னைச் சர்வகலாசாலையிற் பணியாற்றிய சி. வி. சுப்பிரமணியன் அவர்கள் (1924–2016), இங்கோல்ட் கண்ட பூஞ்சணங்களும் அடங்கிய ஹைபோமைசீட் என்னும் பெரும்பிரிவைப்பற்றி 1971இல் இயற்றிய நூல் உலகறிந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளிலும் நாற்கர வித்துடைய பூஞ்சணங்கள் பல கண்டறியப்பட்டுள்ளன. ஆயினும் நம் மாணவரோ, புத்தகத்திலுள்ள படத்தைப் பார்த்து நோட்டுப் புத்தகத்தில் மீண்டும் படம் வரைகின்றனர். வித்தின் பெயரை அறிவர், வித்தை அறியார். ஓடை அசுத்தமடையின் இவ்வினங்கள் குறைகின்றன. கரை மரங்களை வெட்டினால் அவற்றிற்கு இலை ஏது? நாம் காணுமுன்னரே அவை மறைந்துபோமாயின், இழந்தது இன்னதென்பதையும் அறியாத ஏழைகளாவோம்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஓடையடியிற் கிடக்கும் பழுத்த இலைகள் சிலவற்றை எடுத்துக் கழுவி, தட்டையான பாத்திரத்திற் சிறிது தூயநீர் விட்டு இட்டுவைத்தால், ஓரிரு நாளில் அவற்றில் ஸ்போர்கள் தோன்றக் காணலாம். நம் ஆய்வுக்கூடத்து மைக்ராஸ்கோப்பே இதற்குப் போதும். ஆண்டொன்றுக்கு ஓர் ஓடையையோ குளத்தையோ தனதாகக் கொண்டு, கண்டதைத் தேதியோடு குறித்துவைக்கும் வழக்கத்தை மாணவர் மேற்கொள்வாராக. அக்குறிப்புக்களுக்கு ஆசிரியர் மதிப்பெண் அளிப்பாராக. அவற்றுட் சிறந்தனவற்றிற்கு இச்சஞ்சிகை ஆண்டுதோறும் இரண்டு பக்கங்களேனும் ஒதுக்குமாக. பழைய மாணவருள் மலையூர்களில் வாழ்வோர், தத்தம் ஊர் ஓடைகளை நம் இளைஞர்க்குக் காட்டி உதவுவாராக.

அடுத்த விடுமுறையிலும் மாணவர் மலைக்குச் செல்வர். நாமும் அதே வினாவை வினவுவோம். அப்பொழுது ஒருவரேனும் நகையாது, சட்டைப்பையினின்று சிறு குப்பியொன்றை எடுத்து நீட்டுவாராயின், நம் கலாசாலை கற்பிக்கவேண்டியதைக் கற்பித்துவிட்டதென மகிழ்வோம்.