கைமாறும் இல்லத்துக்கு ஒரு கடமை

தமிழில் ‘வீடு’ என்னும் சொல்லுக்கு இருபொருள் உண்டு. குடியிருக்கும் மனையும் வீடு; பற்று நீங்கிய முக்தி நிலையும் வீடு. முதுமையில் சொந்த இல்லத்தை விற்க நேரும் பெரியவர்கள் இவ்விரு பொருளையும் ஒருசேர உணர்கின்றனர். பிள்ளைகள் வெளியூரில் நிலைபெற்றுவிடுகின்றனர். படியேற முழங்கால் மறுக்கிறது. பெரிய வீட்டைப் பராமரிக்க ஆளில்லை. விற்பதென்று முடிவு செய்த பின்னும் மனம் ஒட்டுவதில்லை. ‘போகப்போகும் வீட்டுக்கு வெள்ளையடிப்பானேன்?’ என்று இருந்துவிடுகின்றனர். பல்லாண்டு நிழல் தந்த இல்லத்தை ஒட்டடையோடும் ஒழுகலோடும் பிறர் கையில் ஒப்படைப்பது அதற்குச் செய்யும் மரியாதை ஆகாது. விலையும் அதனால் குறையும்.

முதற்பணி, கழிப்பது. பரண்மேல் உள்ள உடைந்த நாற்காலி, கட்டுக்கட்டான பழைய இதழ்கள், பயன்படாத பாத்திரங்கள் ஆகியவை கூடத்தின் அளவையே மறைத்துவிடும். பார்க்க வருபவர் இடத்தைக் காணவேண்டுமேயன்றிச் சாமான்களை அன்று. கரையான் இருக்கிறதா என்பதும் அப்போதுதான் தெரியவரும். மறைந்த முன்னோர்களின் படங்களை, குடிபுக இருக்கும் புதிய இடத்துக்கு முன்கூட்டியே கொண்டுசெல்வது நலம். மாலையிட்ட படங்களின்முன் நின்று விலை பேச எவருக்கும் தயக்கம் உண்டாகும்.

பூஜையறைக்குத் தனிக் கவனம் தேவை. பல ஆண்டு விளக்குப் புகையும் சாம்பிராணிப் புகையும் படிந்து அதன் மேற்கூரை கறுத்திருக்கும். அதனைச் சுரண்டி வெள்ளையடிக்க வேண்டும். நித்திய பூஜையில் உள்ள விக்கிரகங்களையும் சாளக்கிராமத்தையும், பூஜையைத் தொடரக்கூடிய மகனிடமோ மகளிடமோ ஒப்படைப்பதே முறை. அதற்கு வழியில்லையேல் குலகுருவையோ கோயில் அர்ச்சகரையோ கலந்துகொள்ளலாம். ஆனால் வீடு கைமாறும் நாள்வரை விளக்கேற்றுவதை நிறுத்தலாகாது. துளசி மாடத்துக்கு நீர் வார்ப்பதும் அவ்வாறே.

அடுத்து, சிறு பழுதுகள். சொட்டும் குழாய், இறுகிப்போன தாழ்ப்பாள், எரியாத விளக்கு ஆகியவற்றைச் சரிசெய்யச் செலவு சிறிது. அவை விட்டுச்செல்லும் ஐயம் பெரிது. குழாயையே கவனியாதவர் மின்கம்பியையும் கழிவுநீர்த் தொட்டியையும் எங்ஙனம் கவனித்திருப்பார் என்று வாங்க வருபவர் எண்ணுவார். சன்னல்களைத் திறந்து, காலை வெளிச்சத்தில் வீட்டைக் காட்டுவது நன்று. வாஸ்துவின் பெயரால் சுவரை இடித்துக் கட்டுவது வேண்டாம். வாங்குபவர் தமக்கு வேண்டிய நிபுணரை அழைத்துவருவார். ஆடியிலும் மார்கழியிலும் பலர் பத்திரப் பதிவு செய்வதில்லை. அம்மாதங்களை இப்பணிகளுக்குப் பயன்படுத்திக்கொண்டால் ஆவணியிலும் தையிலும் வீடு ஆயத்தமாக இருக்கும்.

அழகுபடுத்துவது வேறு, மறைப்பது வேறு. கும்பகோணத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மனைவியோடு வாழ்ந்த வீட்டில், ஐப்பசி மழையில் பின்னறைச் சுவர் ஆண்டுதோறும் ஓதம் ஏறும். வீட்டை விற்க முனைந்தபோது, “வர்ணம் பூசிவிட்டால் வெளியே தெரியாதப்பா. வாங்குகிறவர் பிறகு பார்த்துக்கொள்வார்” என்றான் மகன். “மழை வந்தால் அவர்கள் வீட்டுக் குழந்தைதானே அந்த ஈரத்தில் படுக்கும்?” என்று கேட்டாள் தாய். ஆசிரியர் மொட்டைமாடியில் பெயர்ந்திருந்த தட்டோடுகளை மாற்றினார். சுவர் நன்றாக உலர்ந்த பிறகே வர்ணம் பூசச் செய்தார். ஆயினும் வந்தவர்களிடம் அவ்விடத்தைச் சுட்டிக்காட்டிப் பழைய குறையைச் சொன்னார். முதலில் வந்தவர் திரும்பிப் போனார். அடுத்து வந்தவர் அதைக் காட்டி விலையைக் குறைத்தார். அக்குறைவை ஆசிரியர் மனமுவந்து ஏற்றார். மகனுக்கு வருத்தம்தான், தாய்க்கு நிம்மதி.

சட்டத்தின் கருத்தும் அதுவே. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டம், வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டறிய இயலாத முக்கியக் குறையை, அதனை அறிந்த விற்பவர் வெளிப்படுத்த வேண்டும் என்கிறது. கோயில் நகரங்களில் இது மேலும் பொருந்தும். கட்டடம் தமதாயினும் அடிமனை கோயிலுக்கு உரியதாக இருக்கும் வீடுகள் பல. அத்தகைய நிலத்தைத் தம் நிலம்போல் காட்டி விற்பது வாங்குபவரை மட்டுமன்று, இறைவனையும் ஏமாற்றுவதாகும். கோயில் நிலத்தை விற்பதற்கு 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டப்படி ஆணையரின் அனுமதி தேவை. உண்மை நிலையை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

சுவரைப் போலவே ஆவணங்களையும் ஒழுங்குபடுத்த வேண்டும். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, சொத்துவரி மற்றும் மின்கட்டண ரசீதுகள் ஆகியவற்றை ஒரே உறையில் வைத்திருப்பவரிடம் வாங்குபவருக்கு நம்பிக்கை பிறக்கும். வங்கிக் கடன் அடைந்தும் அடமானம் நீக்கப்படாமல் வில்லங்கத்தில் நிற்பதுண்டு. அதற்குரிய ரசீதைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். தந்தையார் உயில் எழுதாமல் மறைந்திருந்தால் வாரிசுச் சான்று தேவை. அவருடைய சொத்தில் பெண்மக்களுக்கும் சம பங்கு உண்டு. ‘தங்கைக்குத்தான் சீர் செய்தாயிற்றே’ என்று அவளைக் கேளாமல் முன்பணம் வாங்கினால் பதிவு நாளில் விற்பனை நின்றுபோகும், உடன்பிறப்பும் முறிந்துபோகும். அவளை முதலிலேயே அழைத்துக் கலந்து பேசுவதே விற்பனைக்கான முதல் ஆயத்தம். முன்பணத்தையும் ரூ. 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெறுவதை வருமானவரிச் சட்டம் தடைசெய்கிறது. வங்கி வழியே பெறுவதே பாதுகாப்பு.

ஒப்படைக்கும் நாளில் வீட்டைப் பெருக்கி, வாசலில் கோலமிட்டு, வருபவர் நலமாக வாழ வேண்டி விளக்கேற்றிவிட்டுச் சாவியைக் கொடுக்கலாம். கிணற்று நீர் எந்த மாதத்தில் குறையும், எந்தச் சன்னல் வழியே காற்று வரும், தெருவில் சுவாமி புறப்பாடு எப்போது வரும் என்பனவற்றையும் சொல்லிக் கொடுக்கலாம். அவ்வீட்டில் வாழ்ந்தவர் மட்டுமே தரக்கூடிய செல்வம் அது. அதற்கு விலை கேட்பார் இல்லை.