போர் வண்டிக்கு வழி உண்டு, படுக்கை வண்டிக்கு ஏன் இல்லை?

காலை நடைப்பயிற்சிக் கூட்டத்தில் இந்த ஆறு மாதத்தில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "சார், கன்டெய்னர் பாடி போட்ட பழைய ஐச்சர் ஒன்று விலைக்கு வருகிறது. கட்டில், அடுப்பு, சோலார், டாய்லெட் எல்லாம் வைத்து வீடு மாதிரி செய்துவிடலாமா? கரன்ட் வேலையை நீங்கள் பார்த்துக் கொடுங்களேன்." கேட்டவர்கள் யூடியூப் பார்த்துக் கெட்டுப்போன பையன்கள் இல்லை. மூவரும் அறுபதைத் தாண்டியவர்கள். முப்பத்து மூன்று வருடம் மின்வாரியத்தில் குப்பை கொட்டிய ஆள் என்பதால் மின்வாரியமே வேண்டாத வீட்டுக்கு என்னிடம் யோசனை கேட்கிறார்கள்!

செய்ய முடியுமா என்றால், முடியும். சட்டப்படி ஓட்ட முடியுமா என்றால், அநேகமாக முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில்தான் ஆட்கள் விழுந்து சாகிறார்கள் என்பது என் கட்சி. போக்குவரத்துத் துறையில் இருக்கும், இருந்த நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். கோபித்துக்கொண்டாலும் முழுவதும் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளுங்கள்.

இது யாருக்குத் தேவை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என் அக்காவுக்கு வயது 71. வெளியூர் கிளம்பும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார். வழியில் இறங்க நல்ல கழிப்பறை இருக்குமா, இருந்தாலும் இந்த முட்டியோடு உட்கார்ந்து எழ முடியுமா என்ற பயம். அறுபடை வீடு ஆறையும் பார்த்துவிட வேண்டும் என்ற அவரது ஆசை பழனியோடு நிற்கிறது. இதைப் படிக்கும் சகோதரிகள் பலருக்கு இது புதுச் செய்தி அல்ல. நீரிழிவு உள்ளவர்கள், புராஸ்டேட் தொல்லை உள்ள ஆண்கள், நேரத்துக்குச் சாப்பிட்டு மாத்திரை போட வேண்டியவர்கள், இவர்களுக்கு வண்டியோடு வரும் ஒரு கழிப்பறையும் ஒரு கட்டிலும் ஆடம்பரம் ஆகாது. காசி வரை போய் வர அதுதான் கைத்தடி.

இனி சட்டத்துக்கு வருவோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு என்ன சொல்கிறது? தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கும் ஆர்.சி. புத்தக விவரங்களுக்கும் வேறுபாடு வரும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாக உறுதி செய்தது. எரிபொருளை மாற்ற மட்டும் சட்டமே வழி விட்டிருக்கிறது. அங்கீகரித்த கிட்டை அங்கீகரித்த பட்டறையில் மாட்டி, சி.என்.ஜி. என்று ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளலாம். மாற்றுத்திறனாளிகளுக்காக வண்டியை மாற்றவும் வழி உண்டு. நல்ல விஷயம்.

கேம்பர் வண்டி என்ற ஒன்று அரசுக்குத் தெரியாததும் இல்லை. வாகன வகைகளின் பட்டியலில் சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் என்று ஓர் இனம் இருக்கிறது. மோட்டார் கேரவன் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஏஐஎஸ் 124 என்ற தரநிர்ணயமே இருக்கிறது. மத்திய சுற்றுலா அமைச்சகம் 2010-லேயே கேரவன் சுற்றுலாவுக்குக் கொள்கை வெளியிட்டது. கேரளம் 2021-ல் தன் பங்குக்கு ஒன்று கொண்டுவந்தது. ஆனால் இந்த ஏற்பாடு எல்லாம் கம்பெனிகளுக்குப் பொருந்தும். புது சேசிஸ் வாங்கி, வடிவமைப்பைச் சமர்ப்பித்து, புனேயில் உள்ள ஏஆர்ஏஐ போன்ற சோதனை நிலையத்தில் மாதிரி வண்டிக்கு அங்கீகாரம் வாங்கி, அதே மாதிரியில் வரிசையாகக் கட்டலாம். நூறு வண்டி கட்டுகிறவனுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகும். வாழ்நாளில் ஒரே ஒரு வண்டி, அதுவும் பழைய வண்டியில், கட்ட நினைக்கும் ஓய்வூதியருக்கு நேரான வழி கிடையாது.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. நாம் யார்? சேலம், நாமக்கல் சுற்று வட்டாரம். திருச்செங்கோட்டில் லாரி சேசிஸ் மேல் ஆயிரம் அடி துளை போடும் போர் வண்டியைக் கட்டுகிறார்கள். கரூரில் கட்டும் பஸ் பாடி ஊரெல்லாம் ஓடுகிறது. நாமக்கல் டேங்கர் இல்லாமல் கேஸ் நகராது. அத்தனை டன் இரும்பையும், ஹைட்ராலிக் குழாய்களையும், கம்பத்தையும் லாரி மேல் ஏற்றி மாநிலம் மாநிலமாக ஓட்ட முடிகிறது. தேர்தல் வந்தால் சோபா, கழிப்பறை, மேலே எழும்பி நிற்க மேடை எல்லாம் வைத்த பிரசார வண்டிகள் வீதிக்கு வீதி வருகின்றன. சினிமாக்காரர்களுக்குக் கேரவன் இருக்கிறது. இரண்டு கிழவர்கள் படுக்க ஒரு கட்டிலும், சமைக்க ஓர் அடுப்பும் ஏற்றினால் மட்டும் நாட்டுக்கு ஆபத்தா?

"அதெல்லாம் புது சேசிஸில் முறைப்படி கட்டியது, உங்களுடையது பழைய வண்டியில் இஷ்டத்துக்குக் கட்டுவது" என்பீர்கள். நியாயமான மறுப்புதான். அதனால்தான் முறையைக் கேட்கிறேன். விதி இல்லாமல் விடுங்கள் என்று நான் கேட்கவே இல்லை.

தடை போட்டால் ஆபத்து நின்றுவிடும் என்று நம்புகிறவர்கள் மதுரையை நினைத்துப் பார்க்கட்டும். 2023 ஆகஸ்ட் 26 அன்று, உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த யாத்திரிகர்களின் ரயில் பெட்டி மதுரை நிலையத்தருகே நின்றிருந்தது. உள்ளே தேநீர் போட கேஸ் சிலிண்டர். தீப்பிடித்து 9 பேர் உயிரிழந்தார்கள். ரயிலில் சிலிண்டர் கொண்டுபோகத் தடை அன்றும் இருந்தது. சிலிண்டரும் இருந்தது. யாத்திரை போகிற வயதானவர்களுக்கு வாய்க்கு இசைந்த சாப்பாடும் சூடான தேநீரும் வேண்டும். அதற்கு வழி செய்யாமல் தடையை மட்டும் எழுதி வைத்தால் சிலிண்டர் மூட்டைக்குள் ஒளிந்து வரும்.

2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரை அருகே சாலையோரம் நின்ற கேரவனில் இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே கசிந்திருந்தது. அந்த வாயுவுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. தூங்குகிறவன் தூக்கத்திலேயே போய்விடுவான். அதைக் கண்டுபிடித்துக் கத்தும் கருவி உள்ளங்கை அளவுதான். சோதிக்க வேண்டியது என்ன என்று தெரிந்த ஒரு பொறியாளர் பத்து நிமிடம் செலவழித்துப் பார்க்க வேண்டிய விஷயம் இது. பார்க்க ஆள் இல்லை.

அடுத்து இந்த யூடியூப்காரர்களிடம் சண்டை. "மின் கட்டணம் பூஜ்யம், முழுச் சுதந்திரம்" என்கிறார்களே, கணக்குப் போட்டுப் பார்ப்போம். 17 அடி பாடியின் கூரையில் 540 வாட் பேனல் இரண்டு நீளவாக்கில் படுக்கும். சுமார் 1 கிலோவாட். நம் ஊர் வெயிலுக்கு நல்ல நாளில் 4 யூனிட் கிடைக்கும். பிஎல்டிசி மின்விசிறி இரண்டு, எல்இடி விளக்குகள், சிறிய டிசி பிரிட்ஜ், தண்ணீர் பம்ப், போன் சார்ஜ் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 2 யூனிட். தாராளமாக ஓடும். ஏசி போட்டீர்களோ, போச்சு. மே மாதத்துத் தகரப் பெட்டியை இரவு முழுக்கக் குளிர வைக்க ஒரு டன் ஏசி 5, 6 யூனிட் தின்னும். உடனே ஜெனரேட்டர் வாங்குவார்கள். வடகரையில் நடந்தது அதன் பின்தான் வரும். ஏசிக்கு ஆசைப்படும் முன் பெட்டியின் சுவருக்குள் ஐஸ்கிரீம் வண்டிக்குப் போடுவது போல பஃப் தகடு போட்டு, கூரையில் வெளியேற்றும் விசிறி வைத்து, மலைப்பக்கம் போய் நிறுத்துவதே புத்தி.

வீடியோக்களில் யாரும் வாய் திறக்காதது வயரிங் பற்றித்தான். வீட்டில் 230 வோல்ட். அங்கே 2000 வாட் இழுத்தால் 9 ஆம்பியர். அதே 2000 வாட்டை 24 வோல்ட் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் இழுத்தால் 90 ஆம்பியருக்கு மேல் ஓடும். 12 வோல்ட் என்றால் அதைப் போல இரண்டு மடங்கு. வீட்டு பிளக் பாயின்டுக்கு இழுக்கும் ஒயரைக் கொண்டுவந்து மாட்டினால் அது ஹீட்டர் காயிலாக மாறிவிடும். கட்டைவிரல் தடிமனுக்கு கேபிள், சரியாகக் கிரிம்ப் செய்த லக், பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ், டிசிக்கென்றே செய்த பிரேக்கர் வேண்டும். வீட்டு ஏசி சுவிட்ச் டிசி மின்சாரத்தை அறுக்கத் திணறும், பொறி நிற்காது. லாரியின் குலுக்கலில் தளரும் ஒரு நட்டு போதும், ராத்திரி இரண்டு மணிக்குப் பிளைவுட் சுவர் பிடித்துக்கொள்ளும். பின்பக்கம் ஒரே கதவு, அதையும் வெளியிலிருந்து தாழ் போடும் பெட்டி என்றால் உள்ளே இருப்பவர் கதி?

எடையும் அப்படித்தான். 200 லிட்டர் தண்ணீர் என்றால் 200 கிலோ. இருவர் சிக்கனமாகப் புழங்கினால் மூன்று நாள் வரும். அதைக் கூரையில் வைத்தால் ஏற்காடு வளைவில் வண்டி சாயப் பார்க்கும். அச்சுக்கு அருகில், தாழ்வாக, உள்ளே தடுப்புப் பலகை வைத்த தொட்டியில் இருக்க வேண்டும். கழிவுத் தொட்டியைக் காலி செய்ய முறையான இடம் இல்லாததால் ஓடையிலும் ஏரியிலும் திறந்துவிடுகிறவர்களையும் கேள்விப்படுகிறோம். சுதந்திரம் என்று பெயர் வைத்து அடுத்த ஊர்க்காரன் தண்ணீரில் மலத்தைக் கலப்பதை எந்தப் பெயர் சொல்லி மன்னிப்பது?

ஆர்.சி.யில் சரக்கு வண்டி என்றே வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. சரக்குப் பெட்டிக்குள் ஆள் பயணம் செய்வதே விதிமீறல். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரிக்க அது ஒன்று போதும். ஆஸ்பத்திரிச் செலவு, எதிரே வந்தவனின் நஷ்ட ஈடு எல்லாம் ஓய்வூதியத்தின் தலையில் விழும்.

"அப்படியானால் தடை சரிதானே?" என்று கேட்கக் கூடும். இல்லை ஐயா. மேலே சொன்ன ஒவ்வொன்றும் சோதித்துப் பார்க்கக் கூடியது. ஜெர்மனியில் இப்படி மாற்றிய வண்டியை டியூவி பொறியாளர் தனி வண்டியாகவே பார்த்து ஒப்புதல் தருகிறார். பிரிட்டனில் படங்களோடு விண்ணப்பித்து மோட்டார் கேரவன் என்று பதிவை மாற்றக் கேட்கலாம். 2019-லிருந்து அங்கும் கெடுபிடி கூடிவிட்டது என்று புலம்புகிறார்கள். ஆனாலும் தட்டுவதற்கு ஒரு கதவு இருக்கிறது. நம் நாட்டில் வண்டி ஓட்டும் உரிமத்தைக் கூட உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தெளிவாக்கிவிட்டது. 7500 கிலோ வரையிலான வண்டிக்குச் சாதாரண எல்.எம்.வி. உரிமமே போதும். வண்டியைத்தான் யாரும் கண்ணெடுத்துப் பார்ப்பதில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். சி.என்.ஜி. கிட்டுக்கு இருப்பது போல, தனி ஒருவர் மாற்றும் வண்டிக்கும் ஒரு சோதனை முறை. எடை மேடை ரசீது. தகுதி பெற்ற மின் ஒப்பந்ததாரரின் டிசி வயரிங் சான்று. கேஸ் சிலிண்டருக்கு வெளியே திறக்கும் தனி அறை, அதன் தரையில் காற்றோட்டத் துளை, ஏனென்றால் சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கீழேதான் தங்கும். கார்பன் மோனாக்சைடு அலாரம். உள்ளிருந்து திறக்கும் இரண்டாவது வழி. ஓடும்போது உட்கார பெல்ட் வைத்த இருக்கை. மூடிய கழிவுத் தொட்டி, அதைக் காலி செய்ய மாவட்டத்துக்கு ஓர் இடம். கழிவுநீர் உந்து நிலையங்கள் ஏற்கெனவே இருக்கின்றன, ஒரு குழாய் வாய் வைத்தால் போதும். கட்டணம் வாங்கட்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரும்பக் கூப்பிட்டுப் பார்க்கட்டும்.

சட்டம் மாறும் வரை, என்னிடம் கேட்ட மூவருக்கும் நான் சொன்னது, வாங்க வேண்டாம் என்பதுதான். அதில் ஒருவர் ஏற்கெனவே முன்பணம் கொடுத்துவிட்டார், ஊரே செய்கிறது என்கிறார். அவர் போன்றவர்களுக்காகவாவது, மகனோ மருமகனோ பட்டறையில் இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தால் நாளையே போய் நான்கு விஷயம் பாருங்கள். பேட்டரியின் பக்கத்தில் ஃபியூஸ் இருக்கிறதா, கதவு உள்ளிருந்து திறக்கிறதா, சிலிண்டர் எங்கே இருக்கிறது, ஜெனரேட்டரின் புகைக்குழாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. இதில் ஒன்று தப்பாக இருந்தாலும் அன்று இரவு அந்த வண்டிக்குள் யாரையும் படுக்க விடாதீர்கள்.